படகை விற்கவில்லை, வெத்ரானா

அன்பு மகள் வெத்ரானாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே தீவில் நானும் உன் அப்பாவும் பெரினா அத்தையும் சுகம், இரண்டு நாளாகக் கடலும் சுகம். அங்கே கார்க் நகரத்து மழையில் நீயும் மருமகன் இகோரும் என் தங்கப் பேரன் ரோக்கோவும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கோயிலில் மெழுகுவத்தி ஏற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, எதற்கு இவ்வளவு பெரிய கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அவரைப் பற்றி அவர் காதுபடவே நான் என்னத்தைச் சொல்வது? அதனால்தான் பொட்டலத்துக்குள் இதை மடித்து வைக்கிறேன். உலர்ந்த அத்திப்பழம், உப்பிட்ட மத்தி, ஒரு போத்தல் ஒலிவ எண்ணெய் வைத்திருக்கிறேன். எண்ணெய் போன இலையுதிர் காலத்துக் காயில் ஆட்டியது, அப்பா ஏணியிலிருந்து விழுந்தாரே அதே மரத்துக் காய், ஆகையால் சிந்தாமல் ஊற்று. மத்தியைத் தின்னும் முன்பு தண்ணீரில் அலச மறக்காதே. போன தடவை நீ அலசாமல் தின்றுவிட்டு நாக்கு வெந்துபோச்சு என்று என்னைத் திட்டினாய்.

போன வாரம் படகு விற்றாயிற்றா என்று நீ கேட்டதற்கு, பிறகு சொல்கிறேன் என்று பேச்சை மாற்றினேன் அல்லவா? விற்கவில்லை. நீயும் இகோரும் அவருக்காக வாங்கிக் கொடுத்த படகு, அதை விற்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, உங்க இஷ்டம் அப்பா, உடம்புதான் முக்கியம் என்று நீ சொன்னாய். நீ நல்ல மனதோடுதான் சொன்னாய். ஆனால் போனை வைத்தபிறகு அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மகளும் ஒத்துக்கொண்டுவிட்டாள், இனி என்ன என்பதுபோல ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்தது முழுவதையும் சொல்கிறேன், கேள்.

அவர் வலது கை முறிந்ததும், ஸ்பிளித் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டதும், தோளுக்கு மேலே தூக்குவதுதான் கஷ்டம், மற்றபடி கை நன்றாக வந்துவிடும் என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். அந்தக் குளிர்காலம் முழுக்கப் படகு துறையில் கட்டினது கட்டினபடியே கிடந்தது. தெற்குக் காற்று அடித்து ஓய்ந்த நாட்களில் நான் போய் உள்ளே தேங்கிய மழைத் தண்ணீரை இறைத்துவிட்டு வருவேன், அவ்வளவுதான். எஞ்சினை யாரும் தொடவில்லை, ஸ்டியரிங்கையும் யாரும் திருப்பவில்லை. உயிர்ப்பு ஞாயிறு கழிந்து வெயில் வந்ததும் அவர் தனியாகத் துறைக்கு இறங்கிப் போனார். நான் மீன் குழம்புக்குத் தக்காளி அரிந்துகொண்டிருந்தேன், அரிந்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். என்ன என்று கேட்டதற்குக் காற்று மாறப் போகுது என்றார். வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. மீன் இல்லையாம், வலை கிழிந்திருக்கிறதாம், முழங்கால் வலிக்கிறதாம். முழங்கால் எப்போது முறிந்தது என்று கேட்டேன், செய்தித்தாளை எடுத்துப் பிரித்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் பெரினா அத்தை தன் வீட்டுக்காரர் கல்லறைக்குப் பூ வைக்க அடுத்த குடாவுக்குப் போக வேண்டும் என்றாள். அக்கா கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கூட்டிக்கொண்டு போனார். போகும்போதும் அங்கே கிளம்பும்போதும் துடுப்பால் தள்ளித் திருப்பிக்கொண்டாராம், மற்றபடி நேர்கோடுதானே, அத்தைக்கு ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து துறைக்குள் நுழையும்போது அலைத் தடுப்புச் சுவரின் முனையைச் சுற்றித் திருப்ப வேண்டும் அல்லவா, படகு திரும்பவே இல்லையாம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இழுத்திருக்கிறார், படகு பாட்டுக்குப் போய் அடுத்தவர் படகில் உரசி நின்றிருக்கிறது. பெரிய சேதம் இல்லை, கொஞ்சம் வண்ணம்தான் போயிற்று. ஆனால் துறையில் நாலு பேர் பார்த்துவிட்டார்கள். அதோடு பெரினா அத்தையின் வாய் உனக்குத் தெரியாததா? "கை போச்சுன்னா கடலை விட்டுடணும்டா. எங்க வீட்டுக்காரர் கண்ணு மங்கினதும் துப்பாக்கியை வித்துட்டு வேட்டையை விடலையா? வீம்பு பண்ணி எங்களையும் சேத்து முக்கிடாத" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் மதியம் தட்டைப் பார்த்தபடியே, படகை வித்துடலாம் தீன்கா என்றார்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, கை உண்மையிலேயே அவ்வளவு மோசமாக இருக்கிறது, என்னிடம் மறைக்கிறார் என்று தோன்றியது. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரொட்டி வெட்டுகிறார், விறகு பிளக்கிறார், திராட்சைக்கு மருந்தடிக்க அந்தக் கனத்த தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு காலை முழுக்க வலது கையால் பம்பு அடிக்கிறார். ஒருநாள் மழைத்தொட்டிக்குப் பின்னால் நின்று தண்ணீர் நிரம்பிய கேனை அந்தக் கையால் தூக்கி இறக்கித் தூக்கி இறக்கிப் பழகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ரோஸ்மேரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோலக் கேனைச் சாய்த்தார். பாறையில் முளைக்கிற ரோஸ்மேரிக்கு எந்த மடையன் தண்ணீர் ஊற்றுவான்? எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டேன். இதற்குள் படகுக்கு ஆளும் கிடைத்துவிட்டது. ஸாக்ரெப் நகரத்திலிருந்து கிரெஷிமிர் என்று ஒருவர், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், அடுத்த வார சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வருகிறவர் கண்ணுக்குப் படகு அழுக்காகத் தெரியக்கூடாது என்று, அப்பா திராட்சைத் தோட்டத்துக்குப் போன ஒரு காலையில் வாளியும் துடைப்பமுமாக நான் இறங்கிப் போனேன். பாசியைத் தேய்த்து, இருக்கைகளைக் கழுவி, கடைசியில் அவர் உட்காருகிற இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சும்மா அதில் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருடத்தில் அங்கே நான் உட்கார்ந்ததே இல்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடைக்க வேண்டி அதைக் கொஞ்சம் திருப்பினேன். திரும்பவில்லை. இரண்டு கையையும் போட்டு இழுத்தேன். அசையவில்லை. எழுந்து நின்று காலை முட்டுக் கொடுத்து முழு உடம்பையும் கொடுத்து இழுத்தேன், ஒரு விரற்கடை நகர்ந்து அப்படியே நின்றுவிட்டது. வெத்ரானா, நான் மாவு பிசைகிறவள், மண் கொத்துகிறவள், என் கை இரண்டும் ஏணியிலிருந்து விழாத கை. அந்தக் கையாலேயே முடியாததை முறிந்து கூடின ஒரு கையால் அந்த மனிதர் திருப்பப் பார்த்து, முடியாமல் போனதற்குத் தன் கையைத்தான் குற்றம் சொல்லியிருக்கிறார். அந்த இருக்கையிலேயே உட்கார்ந்து துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். இடது கையால் ஒருமுறை முயன்று பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். பயந்துபோனவனுக்கு அது எங்கே தோன்றும்? அதோடு அவர் பழகினதெல்லாம் அந்தப் பழைய மரப்படகுதானே, சுக்கான் கட்டையைத் தொடையில் இடுக்கிக்கொண்டே வலையைச் சரிசெய்வார். இந்தச் சக்கரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

பெரினா அத்தையைத்தான் கூப்பிட்டேன். அவளும் வந்து இழுத்துப் பார்த்தாள், அவள் உடம்புக்குப் படகுதான் சாய்ந்தது, ஸ்டியரிங் அசையவில்லை. அவள் முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அவள் வீட்டுக்காரர் அடக்கத்தன்று மட்டும்தான். நான் உடனே ஓடிப்போய் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். அவள் என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "இரு தீன்கா. முதல்ல இதைச் சரி பண்ணுவோம். சரி பண்ணின பிறகும் அவன் கையால முடியலைன்னு வையி, ஒருத்தனையே ரெண்டு தடவை கொன்ன மாதிரி ஆயிடும். ஏற்கெனவே ஒரு தடவை நான் கொன்னுட்டேன்" என்றாள். அது எனக்கும் நியாயமாகப் பட்டது.

ஆனால் எப்படிச் சரிபண்ணுவது? அந்த நேரம் பார்த்துத் துறையோரமாக நம் பங்குச் சாமி டொன் வின்கோ ரொட்டியும் கையுமாக வந்தார். நீ அவரைப் பார்த்ததில்லை, போன வருடம்தான் வந்தார், ஸ்லவோனியாச் சமவெளிக்காரர், நாலு பக்கமும் சோளக்காடாக வளர்ந்தவர். நீச்சல் தெரியாது, படகைக் கண்டாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வார். ஆனால் அவர் வீட்டில் டிராக்டர் இருந்ததாம், பிரசங்கத்தில்கூட டிராக்டர் வந்துவிடும். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் ரொட்டியை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு, கறுப்பு அங்கியோடு கரையில் குப்புறப் படுத்து எஞ்சினை எட்டிப் பார்த்தார். எஞ்சின் தொங்குகிற பின்பக்கம் கரையைப் பார்த்துத்தானே கட்டியிருக்கிறது, நல்லதாகப் போயிற்று. ஆனால் படுத்தபடியே எவ்வளவு நேரம் பார்ப்பது? கடைசியில் உயிர்காப்புச் சட்டை வேண்டும் என்று கேட்டு வாங்கி இறுக்கக் கட்டிக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு படகில் இறங்கினார். முழங்கால் ஆழத் தண்ணீர் அது. பெரினா அத்தை, "பயப்படாதீங்க சாமி, முழுகினா எழுந்து நின்னுக்கோங்க" என்றாள்.

அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. ஸ்டியரிங்கிலிருந்து வருகிற கேபிளின் முனையில் கெட்டியான ஒரு எஃகுக் கம்பி இருக்கிறது. எஞ்சினின் கழுத்தில் ஒரு குழாய், அதற்குள் அந்தக் கம்பி நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, சின்ன இணைப்புத் தண்டு ஒன்றால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சக்கரத்தைத் திருப்பினால் கம்பி குழாய்க்குள் போகும் வரும், எஞ்சினும் இப்படியும் அப்படியும் திரும்பும், அதோடு படகும் திரும்பும். சாமி முதலில் அந்த இணைப்புத் தண்டைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் தள்ளிப் பார்த்தார், கதவு மாதிரி ஆடியது. "எஞ்சின் மேல தப்பில்ல" என்றார். பிறகு சக்கரத்தைத் திருப்பச் சொன்னார், அது அப்போதும் இறுக்கம். ஆக, பிடித்திருப்பது குழாய்க்குள்ளே, இல்லாவிட்டால் கேபிளில். குழாயின் முனையிலிருந்த பெரிய நட்டை ஸ்பேனர் போட்டுத் திறந்து கம்பியை வெளியே தள்ளப் பார்த்தோம், சிமெண்டு பூசியதுபோல நின்றது. பெரினா அத்தை சுத்தியலை ஓங்கிவிட்டாள். சாமி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மறித்தார். "அம்மா, அடிக்காதீங்க! முனை நசுங்கினா அப்புறம் அது எந்தக் குழாய்க்குள்ளயும் போகாது. டிராக்டர்ல எங்கப்பா அப்படித்தான் ஒரு தடவை நசுக்கிட்டு ஒரு அறுவடையையே விட்டார்." நான் வீட்டுக்கு ஓடிக் கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு வந்து குழாய்மேல் ஊற்றினேன், திரும்ப ஓடினேன், திரும்ப வந்தேன். வழியில் பார்த்தவர்களெல்லாம் படகிலா காபி போடுறீங்க என்று கேட்டார்கள். துருவை இளக்குகிற எண்ணெயை இரு பக்கமும் ஊற்றி ஊறவிட்டு, அப்பா வருவதற்குள் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை அப்பா தோட்டத்துக்குப் போனதும் சாமி ஒரு மரத்துண்டை முனையில் வைத்து, அதன்மேல் மெதுவாகத் தட்டினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சத்தம், கழுதை கனைப்பதுபோல, கம்பி ஒரு விரல் நகர்ந்தது. பெரினா அத்தை மாதாவே என்று கத்தினாள். தட்டித் தட்டி முழுக்க வெளியே எடுத்தோம். உள்ளே இருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும், பழைய கிரீஸும் கடல் உப்பும் சேர்ந்து காய்ந்த அத்திப்பழ உள்ளீடுபோல இறுகிக் கிடந்தது. கம்பி வெளியே வந்ததும் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன், லேசாகச் சுற்றியது, அப்படியானால் கேபிளுக்கு ஒன்றுமில்லை, புதிது வாங்க வேண்டாம் என்றார் சாமி. குழாயைச் சுத்தம் செய்ய அந்த அளவுக்குப் பிரஷ் எங்கே கிடைக்கும் என்று யோசித்தோம். அத்தை வீட்டுக்குப் போய்த் தன் வீட்டுக்காரர் துப்பாக்கிக் குழல் தேய்த்த பிரஷைக் கொண்டு வந்தாள், துப்பாக்கியை விற்றவர் பிரஷை மறந்துவிட்டாராம். அளவெடுத்துச் செய்ததுபோல உள்ளே போயிற்று. மண்ணெண்ணெயில் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்து, என் பாத்திரம் தேய்க்கிற கம்பிப் பஞ்சால் கம்பியைப் பளபளவென்று ஆக்கி, தண்ணீரில் கரையாத கடல் கிரீஸைக் கட்டியாகப் பூசி உள்ளே விட்டோம். இணைப்புத் தண்டை மாட்டும்போது பழைய நட்டைப் போடவே கூடாது, தானே கழலாத புது நட்டுதான் போட வேண்டும் என்று சாமி பிடிவாதம் பிடித்தார். "இது மட்டும் நடுக்கடல்ல கழண்டுச்சுன்னா படகு எங்க போகும்னு ஆண்டவருக்குத்தான் தெரியும், என்னைக் கேக்கக்கூடாது" என்றார். கடைசியில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே ஓட்டமாகப் போயிற்று. நாங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டே இருந்தோம், குடைராட்டினம் கண்ட பிள்ளைகள் மாதிரி.

மறுநாள் ஞாயிறு பூசையில் நற்கருணை கொடுக்கும்போது சாமியின் நகக்கண் எல்லாம் கறுப்பு. வீட்டுக்கு வருகிற வழியில் உன் அப்பா, "சாமி எந்த வண்டியை ரிப்பேர் பண்றார்? விரலைப் பாத்தியா?" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்த வாரம் முழுக்க எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை, என்னை ஒரு சுற்று கடலுக்குக் கூட்டிப் போங்களேன், விற்பதற்கு முன்னால் ஒரு தடவை என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். இன்னொருத்தர் படகில் நமக்கென்ன வேலை என்று எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை கிரெஷிமிர் வந்தார். நல்ல மனுஷர் வெத்ரானா, அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதற்கென்றே வாங்கின புது வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். "வாழ்நாள் முழுக்க டிராம் ஓட்டினேன் அம்மா, தண்டவாளம் எங்க போகுதோ அங்கதான் போகணும். நானா நினைச்ச பக்கம் திருப்புற ஒண்ணு எனக்கு வேணும், அதான் படகு" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா கரையில் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, படகைப் பார்க்காமல் எதிர்த்த மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிரெஷிமிர் இறங்கி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினார். "அடேயப்பா, வெண்ணெய் மாதிரி இருக்கே! ஒரு விரல் போதும் போல!" அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பினார். "என்ன சொன்னீங்க?" என்றார். அவர் திரும்பவும் ஒரு விரலால் திருப்பிக் காட்டினார். எஞ்சின் நாய் வாலாட்டுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க என்று சொல்லிவிட்டுப் படகில் இறங்கினார். முதலில் இடது கையை வைத்தார். பிறகு அதை எடுத்துவிட்டு வலது கையை வைத்தார். திருப்பினார். மறு கோடிக்குத் திருப்பினார். திரும்பவும் ஒருமுறை. பிறகு குனிந்து பின்பக்கம் பார்த்தார், புதுக் கிரீஸோடு மின்னுகிற கம்பியைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பெரினா அத்தையைப் பார்த்தேன், அவள் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எஞ்சினைக் கிளப்பி, கயித்தை அவுத்துப் போடு என்றார். நான் போட்டேன். வாங்க வந்த மனிதர் உள்ளே உட்கார்ந்திருக்க, தடுப்புச் சுவரின் முனையைச் சுற்றி அழகாக வளைந்து படகு போயே போய்விட்டது.

நாங்கள் இருவரும் வெயிலில் நின்றோம். அத்தை ஜெபமாலை உருட்டினாள், பாதியில் நிறுத்தி, அந்த ஆளைக் கடத்திட்டானோ என்றாள், திரும்பவும் உருட்டினாள். நெடுநேரம் கழித்து வந்தார்கள். கிரெஷிமிரின் மூக்கு சிவந்துபோயிருந்தது, தொப்பியைக் காணோம், காற்று கொண்டுபோயிற்றாம். கரையேறியதும் உன் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சுடுங்க, படகு விக்கிறதுக்கில்ல என்றார். அவர் கோபப்படவே இல்லை. "எனக்கு அங்கேயே தெரிஞ்சுபோச்சு, நீங்க பாட ஆரம்பிச்சப்பவே" என்றார். உன் அப்பா பாடினார் என்று அவர் வாயால்தான் எனக்குத் தெரிந்தது. அன்று அவருக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு. அவருக்கு வேறொரு படகு பார்த்துத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்து, அடுத்த குடாவில் ஒன்று பேசியும் வைத்திருக்கிறார்.

கிரெஷிமிர் கப்பலேறிப் போனபிறகுதான் கச்சேரி. உன் அப்பா மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். "ஊரே சேர்ந்து என் படகைப் பிரிச்சுப் பூட்டியிருக்கு, சாமிக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியாது. ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். எனக்கும் அத்தனை நாள் அடக்கி வைத்தது பொங்கிவிட்டது. "ஏன்யா, நீ மட்டும் என்கிட்ட சொன்னியா? ஸ்டியரிங் திரும்பலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னிக்கே வந்து இழுத்துப் பாத்திருக்க மாட்டேனா? ரோஸ்மேரிக்குத் தண்ணி ஊத்துறியாமே!" என்றேன். அவர் கொஞ்ச நேரம் விரலால் மேசைமேல் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "திரும்பலைன்னு சொன்னா நீ என்னைப் பாத்துப் பாவப்படுவியோன்னு இருந்துச்சு தீன்கா. மத்தவங்க பாவப்பட்டாப் பரவாயில்ல" என்றார். நான் எழுந்து உருளைக்கிழங்கும் கீரையும் சூடாக்கி அவர் தட்டில் போட்டேன். இரண்டு தட்டு சாப்பிட்டார். பெரினா அத்தை மறுநாள் அத்திப்பழக் கேக்கோடு வந்து வாசலிலேயே நின்றாள். உள்ள வா, முக்கிட மாட்டேன் என்றார் அவர். அவள் அழுதுகொண்டே அவர் முதுகில் ஒரு அறை விட்டாள், அவ்வளவுதான் அவர்கள் சமாதானம்.

இதோடு முடிந்தது என்று எழுதிவிட ஆசைதான், ஆனால் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். கை முழுக்கச் சரியாகவில்லை. அமைதியான கடலில் ஒன்றும் தெரியாது. அலை அடித்தால் கொஞ்ச நேரத்தில் சோர்ந்துவிடுகிறது. பேதுரு திருநாளன்று சின்னத் தீவுக் கோயிலுக்குச் சாமியை வழக்கம்போல நம் படகில்தான் கொண்டுபோனோம். போகும்போது கண்ணாடி மாதிரிக் கடல். திரும்பும்போது மதியக் காற்று எழுந்து பக்கவாட்டில் அலை அடித்தது. சாமி உயிர்காப்புச் சட்டைக்குள் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் வலது கை நடுங்குவதை நான் பார்த்தேன், பார்க்காததுபோல இருந்தேன். அவரும் முதலில் மறைத்தார், இடது கையை மாற்றினார், திரும்ப மாற்றினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "தீன்கா, இங்க வா. பிடி" என்றார். எனக்குத் தெரியாதே என்றேன். "உனக்குத் தெரியாமலா ஸ்டியரிங் கழண்டு மாட்டுச்சு? வா" என்று நகர்ந்து இடம்விட்டார். நான் உட்கார்ந்தேன். பக்கத்திலேயே நின்று, "அலைகூடச் சண்டை போடாத. தூக்கும்போது விட்டுக்கொடு, இறக்கும்போது திருப்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பயத்தில் என் முதுகெல்லாம் வேர்வை. ஆனால் சக்கரம் என் பேச்சைக் கேட்டது மகளே, நான் நினைத்த பக்கம் படகு போயிற்று. துறை வரைக்கும் நான்தான் கொண்டுவந்தேன், கரையில் ஒரு சின்ன இடி இடித்துத்தான் நிறுத்தினேன். திருநாள் கூட்டம் முழுக்க நின்றுகொண்டிருந்தது. உன் அப்பா அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "சாமியைக் கொண்டுவந்தது என் பெண்டாட்டி" என்றார். கை வலிக்குது என்று சொல்லவில்லை, ஆனால் மறைக்கவும் இல்லை.

இப்போது கடலுக்குப் போகாத வாரமும் இறங்கிப் போய், நல்ல தண்ணீரால் எஞ்சினைக் கழுவி, வெளியே தெரிகிற கம்பியைத் துடைத்துக் கிரீஸ் தடவி, ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் சில தடவை திருப்பிவிட்டு வருகிறார். பழைய கிரீஸைத் துடைக்காமல் அதன்மேலேயே புதிது பூசினால் திரும்ப இறுகிவிடும் என்று சாமி எச்சரித்திருக்கிறார், அதனால் கந்தல் துணிக்கு வீட்டில் தட்டுப்பாடு, இகோரின் பழைய சட்டைகள் இருந்தால் கொண்டுவா. நீயும் போனில் எல்லாம் நல்லா இருக்கும்மா என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். நீ உன் அப்பாவின் மகள், அதனால் நான் அதைப் பாதிதான் நம்புகிறேன். வேலை கனமாக இருந்தால் கனம் என்று சொல், நாங்கள் பாவப்பட மாட்டோம், வேண்டுமானால் வந்து இழுத்துப் பார்க்கிறோம்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் வெயிலிலும் மழையிலும் காக்கட்டும், ரோக்கோவின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம், மருமகனுக்கு எங்கள் அன்பு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஆகஸ்டில் வரும்போது அப்பா கப்பல் துறைக்கு வந்து உங்களைப் படகில் ஏற்றுவார். அப்போது அவர் கையைப் பார்க்காதே, வலிக்குதா அப்பா என்று கேட்காதே. சின்ன வயதில் உட்காருவாயே, அதேபோல முன்னால் போய் ரோக்கோவை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்துகொள். ஸ்டியரிங்கைப் பிடிக்க அவர் கூப்பிட்டால் நான் எழுந்து போவேன்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
தீன்கா